பித்தின் ஏது யாது?

கொடும்பாளூரை நேரிற் கண்டிராதாரும் தமிழ் கற்பாராயின் அதன் பெயரை அறிந்திருப்பர். உறையூரினின்றும் மதுரை நோக்கி நடந்த கோவலனுக்கு வழி மூன்றாகப் பிரியும் இடமென்று மாமுது மறையோன் சுட்டியது இவ்வூர்ப் பக்கத்தையே. வேளிர் குலத்து இடங்கழி நாயனார் அரசிருந்ததும் இங்கேயே. இன்று திருச்சிராப்பள்ளியினின்றும் மதுரைக்குச் செல்லும் பெருவழியில், விராலிமலையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், சாலையினின்றும் விலகிச் சிற்றூராய்க் கிடக்கின்றது. சென்ற தை மாதத்தில் எம் வகுப்பு மாணவர் பதினெழுவர் ஆசிரியருடன் அங்குச் சென்றிருந்தோம்.

மூவர் கோயிலைக் காண்பதே எம் நோக்கம். பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் தலைவன் தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தன் தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்த மூன்று கோயில்களுள் இரண்டே இன்று நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. நடுக்கோயிற் சுவரிலுள்ள வடமொழிக் கல்வெட்டு, காளாமுக ஆசிரியர் மல்லிகார்ச்சுனருக்கு ஒரு மடமும், ஐம்பது துறவியர்க்கு உணவளித்தற் பொருட்டுப் பதினோர் ஊர்களும் அளிக்கப்பட்டமையைக் கூறுகின்றது. அக் கல்வெட்டின் தொடக்கம் சிதைந்துள்ளது, ஆண்டும் குறிக்கப்பட்டிலது. ஆதலின் இவ்வேள் ஒன்பதாம் நூற்றாண்டினனோ பத்தாம் நூற்றாண்டினனோ என்பது பற்றி அறிஞர் நெடுநாள் வழக்கிட்டனர். நீலகண்ட சாஸ்திரியாரும், இயேசு சபையைச் சார்ந்த ஹேராஸ் பாதிரியாரும் அவ்வழக்கிற் கலந்துகொண்டோரே. எம் ஆசிரியர் இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது, எம்முள் நகைச்சுவை மிக்க நண்பர் ஒருவர், "அவ்வைம்பது துறவியரும் கஞ்சாப் புகைத்தே காலங் கழித்திருப்பர்" என்றார். யாவரும் நகைத்தோம். ஆசிரியர் மட்டும் நகையாது, "கல்லிற் சோறு இருக்கின்றது, புகையை நீர் சேர்க்கின்றீர்" என்றார்.

அச் சொல்லின் பொருள் எமக்கு ஒரு நாழிகை கழிந்த பின்னரே விளங்கிற்று. சாலையோரத்துத் தேநீர்க் கடையொன்றில் யாம் அமர்ந்திருந்தபோது, எதிரே வேப்பமரத்தடியில் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் ஒரு காலிற் கயிறு பிணிக்கப்பட்டுக் குந்தியிருந்தார். உறவினர் சிலர் சுற்றிலும் நின்றனர். குணசீலத்துக்கு அழைத்துச் செல்ல வண்டிக்குக் காத்திருக்கின்றனர் என்றும், ஓடிவிடாதிருத்தற்பொருட்டே கயிறு என்றும் கூறினர். அவ்விளைஞர் ஒன்பது இரவுகளாக உறங்கவில்லையாம். தொலைவிலுள்ள செல்பேசிக் கோபுரம் தம் பெயரைச் சொல்லி அழைப்பதாகவும், அதற்கு விடையிறுக்காவிடில் தம் தாய்க்குத் தீங்கு நேருமென்றும் அவர் ஓயாது உரைத்துக்கொண்டிருந்தார்.

"கஞ்சா, தம்பி. வேறென்ன?" என்றார் கடைக்காரர். "வயசுப் பிள்ளைக்கு வேற எதனாலே வரும்?" என்றார் பெஞ்சியில் இருந்த முதியவர். அவ்விளைஞரின் தாயாரோ ஒரு மஞ்சட் பையை மார்போடணைத்துக்கொண்டு, "எம் பிள்ளை பீடியைக்கூடத் தொடமாட்டான் ஐயா. இளைப்புக்கு மாத்திரைதான் முழுங்கினான்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பையினுள் வெறுமையான மாத்திரை அட்டைகள் இருந்தன. அவற்றை வாங்கிப் பார்த்தார் அங்கு ஒருவருமிலர். யாமும் முதலிற் பார்க்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்தோம் என்பதனை மறையாது எழுதுகின்றோம். பின்னரே எம்முள் ஒருவர், மருத்துவராயுள்ள தம் தமக்கையாரைச் செல்பேசியில் அழைத்து, அட்டைகளிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அவ்வம்மையார் கேட்ட முதற் கேள்வி, "கஞ்சா உண்டா?" என்பதன்று. "எந்த மாத்திரை, எத்தனை, எந்நாள் தொடங்கினார்? உறக்கம் கெட்டது எந்நாள்? குரல் கேட்டது எந்நாள்?" என்பனவே அவர் வினாக்கள். தாயாருக்கு எல்லா நாள்களும் நினைவிலிருந்தன. அதுவரை அவரை எவரும் வினவியதில்லை.

இங்கு இடங்கழி நாயனாரை எண்ணாதிருத்தல் எமக்கு அரிதாயிற்று. அரண்மனைப் பண்டாரத்தில் நெற்கவர்ந்தவனைக் காவலர் பிடித்துக் கொணர்ந்தபோது, அவ்வேந்தர் ஏன் கவர்ந்தாய் என வினவினார் என்றும், அடியார்க்கு அமுதளித்தற்கென அறிந்து பண்டாரத்தையே திறந்துவிட்டார் என்றும் கூறுவர். அவ்வூர்ச் சாலையோரத்திலேயே யாம் கண்டது வினவாத் தீர்ப்பு.

கல்லூரிக்கு மீண்டபின் யாம் நூலகத்திற் புகுந்து இப் பொருள் பற்றித் தேடலாயினோம். போதைப் பொருளாலோ மருந்தாலோ வரும் சித்தப்பிரமையை, தானே தோன்றும் சித்தப்பிரமையினின்றும் பிரித்தறிவது எவ்வாறு என்னும் வினா புதிதன்று. இந் நாட்டில் அது பெரியதோர் அரசியல் வினாவாகவே ஒரு காலத்தில் எழுந்தது. கஞ்சா மனிதரைப் பித்தராக்கிப் பைத்தியசாலைகளை நிரப்புகின்றது என்னும் பேச்சு மிகுந்திருந்த 1893ஆம் ஆண்டில், மதுவிலக்குத் தொண்டரும் பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினருமான கெயின் என்பவர் இதுகுறித்து மக்களவையிற் கேள்வி எழுப்பினார். அதன் விளைவாக இந்திய அரசாங்கத்தார் ஒரு கமிஷனை நியமித்தனர். மாக்வொர்த் யங் என்பார் தலைவர். உறுப்பினர் எழுவருள் இந்தியர் மூவர். அம் மூவருள் ஒருவர் கபூர்த்தலா அரச குடும்பத்திற் பிறந்து கிறிஸ்துவைப் பின்பற்றிய ஹர்னாம் சிங். (விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் சுகாதார அமைச்சர் இராஜகுமாரி அம்ரித் கௌர் இவர் மகளாரே.) கமிஷனார் 1,193 சாட்சிகளை வினவி, 1894இல் பல தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டனர்.

அவ்வறிக்கையில் எம் உள்ளத்தைக் கவர்ந்தது பைத்தியசாலைக் கணக்குகளை அவர்கள் ஆராய்ந்த முறை. 1892ஆம் ஆண்டிற் பிரிட்டிஷ் இந்தியாவின் பைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டோர் 1,344 பேர். அவருள் 222 பேருக்குக் கஞ்சா முதலியவையே காரணமென ஏடுகளில் எழுதப்பட்டிருந்தது. இவ்வேடுகளை நம்பியே யாவரும் பேசிவந்தனர். கமிஷனார் ஏட்டை நம்பாது, அவ்வேடு எழுதப்பட்டது எங்ஙனம் என்று வினவினர். நோயாளியைப் போலீசார் கொண்டுவரும்போது உடன்வரும் தாளொன்றில் 'காரணம்' என்னும் கட்டம் ஒன்றிருந்தது. அதனைப் போலீசாரே கேள்விப்பட்டவாறு நிரப்பினர். பைத்தியசாலை அதிகாரிகள் அதனை அவ்வாறே தம் ஏட்டிற் பெயர்த்தெழுதினர். ஆண்டிறுதியில் அவை கூட்டப்பட்டுப் புள்ளிவிவரமாயின. தெரியாது என்றெழுதுவதினும் கஞ்சா என்றெழுதுதல் எளிதாயிருந்தது. கமிஷனார் ஒவ்வொருவர் வரலாற்றையும் அவரவர் ஊர்களிலேயே மீண்டும் விசாரித்தனர். முடிவில் 222 என்பது 98 ஆகக் குறைந்தது. அவருள்ளும் வேறு காரணங்கள் கலந்திருந்தாரை நீக்கக் கஞ்சா ஒன்றே காரணமெனக் கொள்ளத்தக்கோர் 61 பேரே.

இவ்வெண்களைக் கொண்டு கஞ்சா தீங்கற்றதென வாதிடுவாருளர். அவர் கூற்றை யாம் ஏற்கிலேம். 61 பேர் உண்மையாகவே பித்தாயினர் என்பதும் அவ்வறிக்கையே கூறுவதன்றோ? மிகையாக உட்கொள்வார்க்கு, சிறப்பாக இயல்பிலேயே மனநலிவுக்கு இடமுடையார்க்கு, அது கேடு விளைக்கும் என்பதனைக் கமிஷனாரும் மறுத்திலர். இக்காலத்துக் கஞ்சா அக்காலத்ததினும் வன்மை மிக்கதாய்ப் பல நாடுகளிற் கிடைக்கின்றது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுத்திருப்பதும் யாவரும் அறிந்ததே. யாம் சுட்ட விழைவது வேறு. எஞ்சிய 124 பேர் யாவர்? காய்ச்சலாலோ, துயராலோ, குடிவழியாலோ, எவரும் அறியாததொரு காரணத்தாலோ மனம் பிறழ்ந்து, கஞ்சாக்காரர் என்னும் பெயரையும் உடன் சுமந்தவர்கள். அவருடைய உண்மையான நோயை ஒருவரும் தேடியிலர். கட்டம் முன்னரே நிரம்பியிருந்ததன்றோ!

இனி இக்கால மருத்துவர் இதனை எவ்வாறு துணிகின்றனர் என்பதனைச் சிறிது கூறுவோம். மருத்துவ மாணவரல்லாத யாம் கூறுவதில் நுட்பம் குறைந்திருப்பின் பொறுக்க. குருதிச் சோதனையிலோ மூளைப் படத்திலோ 'இது மருந்தால் வந்த பித்து' என்று எழுதிக்காட்டும் கருவி இன்னும் ஏற்படவில்லை. துணிவுக்கு உதவுவது பெரும்பாலும் காலமே. பொருள் உட்கொள்ளப்பட்டபோதோ, அதன் மயக்கத்தினூடோ, அதனை விட்ட உடனோ நோய்க்குறிகள் தோன்றினவா? அதற்கு முன்னரே தோன்றியிருந்தனவா? பொருள் நின்றபின் ஏறத்தாழ ஒரு திங்களுக்குள் தணிகின்றனவா, அன்றி அதற்கு மேலும் நிலைக்கின்றனவா? அப் பொருள் அத்தகைய பிறழ்ச்சியை உண்டாக்க வல்லதென்பது முன்னரே அறியப்பட்டதா? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே மருத்துவர் வாய்திறப்பர். முன்னரே தோன்றியிருப்பின், அன்றி ஒரு திங்களுக்கு மேலும் நீடிப்பின், தனித்தெழுந்த மனநோய் என்னும் ஐயம் வலுப்பெறும்.

திருவள்ளுவரின் மருந்ததிகாரம் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. நோயின் முதலை நாடவேண்டும் என்பதனை மேடைதோறும் கேட்கின்றோம். அதனை அடுத்து வரும் குறளைச் சொல்வார் குறைவு. நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றனையும் கருதிச் செய்க என அது மருத்துவனுக்குக் கூறுகின்றது. காலம் என்பதனை உரைகாரர் எங்ஙனம் விரிப்பினும், எது முன், எது பின் என்னும் முறையையும் அதனுள் அடக்கிக்கொள்ளத் தமிழ் இடந்தரும் என்பது எம் துணிவு.

பித்தையும் சன்னியையும் வேறுபடுத்தலும் இன்றியமையாதது. நம் பாட்டியர் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். சன்னியில் அறிவே மங்கிவிடும். நாள், இடம், ஆள் தெரியாது. ஒரு பொழுது தெளிவும் ஒரு பொழுது மயக்கமுமாய் மாறும். பித்தில் நாளும் இடமும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். இல்லாத குரலும் பொய்யான உறுதியுமே மேலோங்கும். பாழ்நிலமெங்கும் வளரும் ஊமத்தையை எடுத்துக்கொள்க. உன்மத்தம் என்னும் சொல்லினின்றே அதன் பெயர் பிறந்ததென மொழிநூலார் கூறுவர். அதன் விதையை உண்டவர் காற்றிற் கைந்நீட்டி இல்லாத நூலைப் பிடுங்குவர். ஆனால் அவர் கண்மணி விரிந்திருக்கும், நா வறண்டிருக்கும், தோல் சுட்டுச் சிவந்திருக்கும், சிறுநீர் கட்டியிருக்கும். அஃது உடனே மருத்துவமனை நாடவேண்டிய நஞ்சு. உளநோயென்று வீட்டில் வைத்திருத்தற்குரியதன்று. குடியை விட்டவர்க்கு வரும் சன்னியும் அத்தகையதே. நாள்தோறும் மிகுதியாய்க் குடித்தவர் ஒருவர் திடீரென நிறுத்திவிடின், இரண்டாம் மூன்றாம் நாள்களில் உடல் நடுங்கிச் சுவரில் பூச்சி ஊர்வதாகக் கூச்சலிடுவர். 'குடிக்கும்போது நன்றாயிருந்தான், விட்டபின் பேய் பிடித்தது' என்று உறவினர் கூறுவது இவரைப் பற்றியே. மருத்துவம் இன்றேல் உயிர்க்கும் இறுதி நேரக்கூடும்.

மருந்தால் வரும் பித்தைப் பற்றி நம்மவர் அறிந்தது மிகக் குறைவு. நஞ்சு கெடுக்கும் என்று நம்புவோர், மருந்தும் மயக்கும் என்று நம்புவதில்லை. இளைப்புக்கும், மூட்டு வலிக்கும், தோல்நோய்க்கும் வழங்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகளைக் காண்க. பல உயிர்களைக் காத்த அருமருந்து அது. ஆனால் 1972இல் பாஸ்டன் நகரத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேற்படாது உட்கொண்டவருள் மனக்கோளாறு எய்தினோர் நூற்றுக்கு 1.3 பேர், 80 மில்லிகிராமுக்கு மேல் உட்கொண்டவருள் நூற்றுக்கு 18.4 பேர். அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறுகின்றது. முதலில் உறக்கம் குறையும், பேச்சு மிகும், உடலில் என்றுமில்லா ஊக்கம் தோன்றும். 'மருந்து நன்றாக வேலை செய்கின்றது' என்று வீட்டார் மகிழ்வர்.

காசநோய்க்குரிய ஐசோனியாசிடும் இவ்வரிசையிற் சேர்ந்ததே. 1952இல் அது வழக்கிற்கு வந்தபோது உலகமே வியந்தது. சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தார், காசநோயாளர் மருத்துவமனையிற் கிடவாது வீட்டிலிருந்தே இம் மருந்தை உண்டு நலம்பெறலாம் என 1959இல் உலகிற்குக் காட்டினர்; அது தமிழகத்திற்குப் பெரும் புகழே. எனினும், வீட்டில் உண்ணப்படும் மருந்துக்கு வீட்டாரே காவலர் என்பதனையும் உடன் எண்ணவேண்டும். இம் மருந்து உடலிலுள்ள பைரிடாக்சின் என்னும் உயிர்ச்சத்தைக் குறைப்பதால், மிகச் சிலருக்கு மனம் பிறழும். மருத்துவர் அறிந்தால் மருந்தை மாற்றி, அச் சத்தை ஈந்து, நலம் பெறச் செய்வர். மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு வழங்கும் சைக்ளோசெரின் இதனினும் மிகுதியாக மனத்தைக் கலக்கும். நடுக்குவாதத்திற்கு ஈயப்படும் மருந்துகளும், மலேரியாவுக்கு உண்ணும் சிலவும் இத்தகையனவே. இதனைப் படித்து எவரேனும் தம் மாத்திரைகளைத் தாமே எறிந்துவிடின் எம் எழுத்துப் பெரும் பழிக்கு ஆளாகும். காசநோய் மருந்தை இடையில் விடின் நோய் மீளும். ஸ்டீராய்டை நெடுநாள் உண்டு திடீரென நிறுத்தின் உடல் தளர்ந்து உயிருக்கே கேடு வரும். அட்டையோடு மருத்துவரிடம் செல்வதே செய்யத்தக்கது.

சிறுநீர்ச் சோதனை இருக்கின்றதே, அஃதொன்றே போதாதா என்பாருளர். கஞ்சாவை நாள்தோறும் புகைத்தவர் சிறுநீரில் அதன் அடையாளம் வாரக்கணக்கில் தங்கும். ஆதலின் சோதனை காட்டுவது அவர் புகைத்தார் என்பதனையே. அதனாற் பித்தானார் என்பதனை அன்று. பாஸ்டனில் ஆராய்ந்த ஸ்டீராய்டையோ, சேத்துப்பட்டில் ஆராய்ந்த ஐசோனியாசிடையோ போதைப் பொருட் சோதனை தேடவே தேடாது. தாயின் மஞ்சட் பையிலிருந்த அட்டைகள் அச் சோதனையினும் மிகுதியாகப் பேசின.

திருமறையிலும் இத்தகைய தவறு இருமுறை காணப்படுகின்றது. ஆலயத்தில் உதடசையக் குரலெழாது செபித்த அன்னாளைக் கண்ட ஆசாரியன் ஏலி, அவள் வெறித்திருக்கின்றாள் என்றே துணிந்தான். பெந்தெகொஸ்தே நாளிற் சீடர் பேசியதைக் கேட்டோர், இவர் மதுவுண்டார் என்று இகழ்ந்தனர். அவர்க்குப் பேதுரு அளித்த மறுமொழியை நோக்குக. எம்மை நம்புங்கள் என்று அவர் தொடங்கவில்லை. பொழுது இன்னும் மூன்றாம் மணியே என்று காலத்தைச் சுட்டியே தொடங்கினார். அது காலை ஒன்பது மணி.

குணசீலத்தைப் பற்றி ஒன்று கூறாது விடுதல் நேர்மையன்று. அங்குப் பிரசன்ன வேங்கடாசலபதி திருமுன் மனநோயுற்றோரை ஒரு மண்டலம், அஃதாவது 48 நாள், தங்குவித்தல் நெடுநாள் வழக்கு. நம்மவர் நடத்தும் செபவீடுகளில் நாற்பது நாள் உபவாசம் உண்டு. தெய்வத்தின் அருளுக்கு எல்லை வகுத்தல் எம் தொழிலன்று. எளியோர் நம்பிக்கையை எள்ளுதலும் எமக்கு உடன்பாடன்று. ஆனால் மேலே கூறிய ஒரு திங்கட் கணக்கோடு இந் நாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள். கஞ்சாவால் வந்த பித்தாயின், கஞ்சா கிடையாத இடத்தில் 48 நாள் இருந்தவர் பெரும்பாலும் தெளிவர். வந்தவர் பலர் நலமடைந்தனர் என்னும் சொல் பொய்யாயிருக்க வேண்டுவதில்லை. எவர் நலமடைவர், எவர் அடையார் என்பதனை முன்னரே பிரித்தறியாமையே குறை. குடியை விட்டு மூன்றாம் நாள் நடுங்குபவர் நாற்பது நாள் தாங்கமாட்டார். ஸ்டீராய்டால் பிறழ்ந்தவருக்குத் தாயே அன்போடு நாள்தோறும் அதே மாத்திரையை ஊட்டிக்கொண்டிருப்பின், மண்டலம் இரண்டாயினும் தெளிவு வாராது. ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் எழுந்த தீயில், சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓடவியலாது மாண்டனர். அவருள் எத்தனை பேருடைய நோயின் முதல் நாடப்பட்டிருந்தது? 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது எனத் தடுக்கின்றது. வேப்பமரத்தடியிற் கண்டது கயிறுதான், சங்கிலியன்று என்று எம் நண்பர் ஒருவர் வாதிட்டார். அவ்வாதத்தில் எமக்கு நாட்டமில்லை.

காரணம் எதுவாயினும் மருத்துவம் ஒன்றுதானே, பெயரில் என்ன இருக்கின்றது என்று கேட்பார்க்கும் விடை கூறவேண்டும். பெயரில் மருந்தின் அளவும் நாளும் இருக்கின்றன. மருந்தால் வந்ததாயின் அம் மருந்தைக் குறைத்தலே முதற் சிகிச்சை. வாழ்நாள் முழுதும் மனநோய் மாத்திரை வேண்டுவதில்லை. மறுபுறத்தையும் மறைக்கலாகாது. 2018இல் டென்மார்க்கில் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், போதைப் பொருளால் வந்த பித்து என முதலில் துணியப்பட்டோருள் நூற்றுக்கு 32 பேர் பின்னர்ச் சிதைமனநோய் என்னும் ஸ்கிசோஃப்ரீனியாவோ, இருதுருவ மனநோயோ உடையவராயினர். கஞ்சாவால் என்று துணியப்பட்டோருள் அத்தொகை 47. 'கஞ்சாதானே, விட்டால் சரியாகிவிடும்' என்று வீட்டுக்கனுப்பி மறந்துவிடுவதும் பிழை என்பது இதனாற் புலப்படும். ஒரு முறை துணிந்ததனைக் காலம் மாற்றக்கூடும். மருத்துவரும் தம் துணிவை மாற்றிக்கொள்ள ஒருப்படவேண்டும். பூதி விக்கிரமகேசரியின் காலத்தை நூற்றாண்டுக் கணக்கில் ஐயத்தில் விட்டுவைக்க அறிஞர்க்கு இயல்கின்றது. அதற்காக அவரை எவரும் இகழ்வதில்லை. உயிருள்ள ஓர் இளைஞர்க்கு ஒரு திங்கள் ஐயம் நமக்குப் பொறுக்கவில்லை.

அவ்விளைஞர் வரலாற்றைக் கேட்க விழைவீர்கள். வண்டி வந்தபின் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. முடிவில் தாய்மாமன், "முதல்ல ஆஸ்பத்திரி, சரியாகாட்டி கோயில்" என்று தீர்த்தார். அரசினர் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தனர். அங்கு வினவியபோது மூன்று செய்திகள் வெளிப்பட்டன. ஐந்து நாள் உண்ணவேண்டிய ஸ்டீராய்டை, இளைப்பு நீங்கிய மகிழ்ச்சியில், கடையில் வாங்கி வாங்கி இருபத்து மூன்று நாள் அளவைக் கூட்டியே உண்டிருந்தார். தீபாவளியன்று நண்பரோடு ஒரு முறை கஞ்சா புகைத்ததும் உண்மை. தாய்க்கு அது தெரியாது. தந்தையின் தமையன் ஒருவர் இளமையில் மனம் பிறழ்ந்து வீட்டைவிட்டுப் போனவர். மூன்றும் காரணமாகலாம். கஞ்சா புகைத்தது குறிகள் தோன்றுவதற்கு இரண்டு திங்கள் முன். மாத்திரை தொடங்கியது பதினான்கு நாள் முன். காலம் மாத்திரையையே சுட்டியது. எனினும் மருத்துவர் அவசரப்படவில்லை. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து, உறக்கத்திற்கும் குரல் தணிதற்கும் சிறிதளவு மருந்தீந்து, காத்திருந்தார்.

மூன்றாம் வாரத்திற் கோபுரம் அழைப்பதை நிறுத்திற்று. பங்குனியில் யாம் மீண்டும் கொடும்பாளூர் சென்றபோது அவரே எம்மை எதிர்கொண்டு, தேநீருக்குக் காசு கொடுத்தார். மெலிந்திருந்தார், பேச்சு மெதுவாக வந்தது. ஓராண்டு வரை திங்கள்தோறும் வருமாறு மருத்துவர் கூறியிருப்பதாகச் சொன்னார். முன்னர் வேலை செய்த தொழிற்சாலையார் அவரை மீளச் சேர்த்துக்கொள்ளவில்லை. கஞ்சாவால் அன்று என்று மருத்துவரிடமிருந்து எழுதிக் கொணருமாறு கேட்டனராம். மருத்துவமனைத் தாளிலோ, காரணம் என்னுமிடத்தில், 'மருந்தாக இருக்கலாம். தொடர்ந்து கவனிக்கப்படுகிறது' என்றே இருந்தது. இருக்கலாம் என்பதனைத் தொழிற்சாலையார் ஏற்கவில்லை. தாயார் அத் தாளை எமக்கு எடுத்துக் காட்டினார். "இதுல கஞ்சான்னு எழுதலையே தம்பி, நல்லாப் பாருங்க" என்றார். எழுதவில்லை அம்மா என்றோம். அதனை நான்காக மடித்து, அவ்வெற்று அட்டைகளோடு மஞ்சட் பையில் மீண்டும் வைத்துக்கொண்டார்.